பழைய லேப்டாப் செல்லை வைத்து மின்சைக்கிளுக்கு பேட்டரி பேக் கட்டலாமா?

கேள்வி: 48 வோல்ட் ஹப் மோட்டாரும் 25 ஆம்பியர் கன்ட்ரோலரும் இருக்கின்றன. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து 52 செல் எடுத்து வைத்திருக்கிறேன். 30 ஆம்பியர் பிஎம்எஸ் (செல்களின் வோல்டேஜைக் கண்காணித்து, எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பலகை) வாங்கியாகிவிட்டது. சால்டரிங் எனக்கு நன்றாக வரும். வீட்டிலேயே 13எஸ் 4பி பேக் (நாலு செல் பேரலலில் சேர்ந்தது ஒரு குரூப், அப்படி 13 குரூப் வரிசையாக) கட்டினால் பாதுகாப்பாக இருக்குமா?

பேக் கட்டலாம். ஆனால் அந்த 52 செல்லை வைத்து வேண்டாம், சால்டரிங் அயர்னை வைத்தும் வேண்டாம். நீங்கள் சொன்னதில் பிஎம்எஸ் ஒன்றுதான் தேறும். அதன் மேலும் பாரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நான் இதுவரை பன்னிரண்டு பேக் கட்டியிருக்கிறேன். அதில் இரண்டு கெட்டுப்போயின. இரண்டுமே கட்டிய அன்றைக்கு ஜம்மென்று ஓடியவை. லித்தியம் பேக்கோடு இதுதான் தொல்லை. தப்பாகக் கட்டினாலும் முதல் நாள் சமர்த்தாக இருக்கும். நாலைந்து மாதம் சாலையில் குலுங்கி, ஏதோ ஒரு ஒயரின் தோல் தேய்ந்து, ஏதோ ஒரு செல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பிறகு ஒரு ராத்திரி சார்ஜில் போட்டிருக்கும்போது வேலையைக் காட்டும். அதனால் 'கட்டினேன், ஓடுகிறது' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல், அந்த நாலைந்து மாதம் கழித்து வரப்போகும் கோளாறைப் பற்றியதுதான்.

முதலில் லேப்டாப் செல். உங்கள் கன்ட்ரோலர் 25 ஆம்பியர் இழுக்கும். நாலு செல் பேரலலில் இருந்தால் தலைக்கு 6.25 ஆம்பியர். லேப்டாப்பில் அந்தச் செல்கள் ஒன்று, ஒன்றரை ஆம்பியர் கொடுத்துப் பழகியவை. 2.2 அல்லது 2.6 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) செல், அதுவும் வயதானது. மேட்டில் ஏறும்போது சூடாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொன்றும் எப்படி வாழ்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 2 வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த செல்லில், எதிர்முனைத் தகடாக இருக்கும் செம்பு கொஞ்சம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே முள் முள்ளாகப் படியும். மல்டிமீட்டரில் 4.1 காட்டும், கொள்ளளவு சோதனையிலும் தேறும். உள்ளே சின்னக் கசிவு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

நான் கெடுத்த முதல் பேக் அந்த ரகம்தான். ஏழாவது குரூப் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கியது. நானும் மெனக்கெட்டு அந்தக் குரூப்பை மட்டும் தனியாக சார்ஜ் ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேக் இரண்டு நாளாகச் சும்மா கிடந்திருக்கிறது, சார்ஜும் இல்லை, ஓட்டவும் இல்லை. கை வைத்தால் ஒரே ஒரு செல் வெதுவெதுப்பாக இருந்தது. சும்மா இருக்கும் செல்லுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்த அந்த நிமிஷமே பேக்கைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். இறங்குகிற குரூப்பை ஏற்றி ஏற்றிச் சமாளிப்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் வைப்பது போன்ற வேலை. பழைய செல்லைத் திரட்டி பேக் கட்டுவதன் ஆபத்தை உணர்ந்துதான் நியூயார்க் நகரம் 2023இல் அப்படிக் கட்டிய மின்சைக்கிள் பேட்டரிகளை விற்கத் தடை போட்டது.

சரி, எந்தச் செல்? மின்சைக்கிளுக்கு 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம்) அல்லது 21700 எடுப்பார்கள். தயாரிப்பாளர் தருகிற தாளில் தொடர்ச்சியான டிஸ்சார்ஜ் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதில் பாதிக்கு மேல் கேட்காத மாதிரி கணக்குப் போடுவது என் வழக்கம். சாம்சங் 30கியூ 3 ஏஎச் செல், 15 ஆம்பியர் வரை தரும். அதில் 13எஸ் 5பி கட்டினால் 65 செல், 15 ஏஎச், சுமார் 700 வாட்-அவர். தலைக்கு 5 ஆம்பியர்தான். மோலிசெல் பி42ஏ 4.2 ஏஎச், 45 ஆம்பியர் செல். அதில் 13எஸ் 4பி போட்டால் அந்தச் செல்லுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கொள்ளளவு மட்டும் அதிகமாக இருக்கும் செல், ஆம்பியர் மட்டும் அதிகமாக இருக்கும் செல் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் உச்சத்தில் இருப்பதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். 18650இல் '9900 எம்ஏஎச்' (அதாவது 9.9 ஏஎச்) என்று அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. நல்ல 18650 ஒவ்வொன்றும் 45 முதல் 50 கிராம் இருக்கும். தராசில் 35 கிராம் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டியதில்லை. எல்லாச் செல்லையும் ஒரே இடத்தில், ஒரே தொகுதியில், புதிதாக வாங்குங்கள்.

வாங்கிய அன்றைக்கே வெல்டிங்கில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்கும் எண் போட்டு, வோல்டேஜை மூன்று தசமம் வரை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி, தேதியோடு இரண்டு வாரம் ஓரமாக வையுங்கள். அப்புறம் மறுபடி அளங்கள். ஒரே பெட்டியில் வந்த நல்ல செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். ஒன்று மட்டும் 30, 40 மில்லிவோல்ட் இறங்கியிருந்தால் அதை பேக்கில் சேர்க்காதீர்கள். இந்த இரண்டு வாரம் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும், எனக்கும்தான். மேலே சொன்ன ஏழாவது குரூப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சோதனை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பேரலலில் சேர்க்கும்போது செல்களுக்குள் வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அதிகம் இருந்தால் சேர்த்த கணத்தில் ஒன்று மற்றொன்றுக்குள் தாறுமாறாக ஊற்றும்.

சால்டரிங் ஏன் கூடாது? செல்லுக்குள் இரண்டு தகடுகளையும் பிரித்து வைத்திருப்பது காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. பாலிஎத்திலீன் சவ்வு 130 டிகிரி சுமாருக்கே உருகும். உங்கள் அயர்ன் முனை 350இல் இருக்கிறது. செல்லின் அடிப்பக்கம் கனமான உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் ஒட்ட நேரமாகும், அந்த நேரமெல்லாம் சூடு உள்ளே போகும். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் 65 செல்லில் ஒன்றிரண்டு நிச்சயம் பாதிக்கப்படும். எது என்று வெளியில் தெரியாது. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டர் (புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் கருவி) வைத்து ஒட்டினால் சில மில்லி செகண்டில் வேலையை முடித்துவிடும், செல் சுடக்கூடச் சுடாது. உங்கள் சால்டரிங் திறமை வேறு இடத்தில் உதவும்: மெயின் ஒயரையும் பேலன்ஸ் ஒயரையும் (ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் ஒல்லி ஒயர்) நிக்கல் பட்டையில் முதலில் பற்றவைத்து ஆறவிட்டு, அந்தப் பட்டையை அப்புறம் செல்லில் வெல்ட் செய்யலாம்.

நிக்கல் பட்டையிலும் ஏமாற்று உண்டு. இரும்புக்கு நிக்கல் பூசி 'சுத்த நிக்கல்' என்று வரும். ஒரு துண்டை உப்புக்காகிதத்தால் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுவையுங்கள். இரும்பாக இருந்தால் காலையில் துரு பூத்திருக்கும். இரும்புப் பட்டையின் மின்தடை நிக்கலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் பட்டையே சூடாகும். 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. கனம் உள்ள சுத்த நிக்கலுக்கு 5 ஆம்பியர் என்று நான் கணக்கு வைப்பேன். ஒரு குரூப்பிலிருந்து அடுத்த குரூப்புக்கு ஐந்து பட்டை நேராகப் போனால் 25 ஆம்பியர் ஐந்தாகப் பிரிந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது கடைசிக் குரூப்பில்: மெயின் ஒயரை ஓர் ஓரத்தில் மட்டும் பற்றவைப்பார்கள். ஐந்து செல்லின் மின்னோட்டமும் ஒரே பட்டையில் சேர்ந்து அந்த ஓரத்துக்கு வர வேண்டியிருக்கும். ஒயரை நீளவாக்கில் உரித்து எல்லாப் பட்டையோடும் சேருங்கள், அல்லது அந்த இடத்தில் செம்பு போடுங்கள்.

வெல்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய காலியான செல்லில் பழகுங்கள். உங்கள் 52 செல்லுக்கு இதோ ஒரு வேலை. பட்டையைக் குறடால் பிடித்து உரிக்கும்போது பட்டை கிழிந்து, வெல்ட் புள்ளி செல்லோடு நிற்க வேண்டும். முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தால் சக்தி போதவில்லை. எதிர்முனைத் தகரம் கால் மில்லிமீட்டர் அளவுதான், அதில் கருப்பாக ஓட்டை விழுந்தால் சக்தி அதிகம்.

இப்போது நான் மிக அதிகமாகக் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு 18650ஐ நிமிர்த்தி மேலே பாருங்கள். நடுவில் நேர்முனைப் பொத்தான். அதைச் சுற்றிக் குட்டி இடைவெளி, அதற்கு அடுத்த விளிம்பு எதிர்முனை! செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனைதான். இரண்டுக்கும் நடுவே வெளியில் தெரிகிற காப்பு, அந்த வண்ணப் பிளாஸ்டிக் உறை மட்டும். நிக்கல் பட்டை அந்த விளிம்பின் மேல்தான் படுத்துக் கிடக்கிறது. குலுக்கலில் உறை தேய்ந்தால் பட்டை விளிம்பைத் தொடும், அந்தச் செல் ஷார்ட், பேரலலில் இருக்கும் மற்ற நாலும் அதற்குள் கொட்டும். அது நடப்பது பிஎம்எஸ்ஸுக்கு உள்பக்கம் என்பதால் பிஎம்எஸ்ஸால் ஒன்றுமே செய்ய முடியாது. ஒவ்வொரு நேர்முனைக்கும் ஃபிஷ் பேப்பர் (மின்சாரம் கடத்தாத கெட்டிக் காகிதம்) வளையம் ஒட்டுங்கள். உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை போடுங்கள். செல்களைப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிளாஸ்டிக் ஹோல்டரில் நிறுத்துங்கள், நடுவில் இடைவெளி இருக்கும்.

கட்டும்போது வாட்ச், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போடுங்கள். பாதி கட்டிய பேக்கின் வேலை செய்யாத பகுதியை ஒரு அட்டையால் மூடியே வையுங்கள். பட்டையை பேக்குக்கு மேலே வைத்து வெட்டவே கூடாது. நான் ஒருமுறை வெட்டினேன். நறுக்கென்று விழுந்த துண்டு இரண்டு பட்டைகளுக்கு நடுவே விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு, கண்ணெதிரே சிவந்தது. குறடால் பிடுங்கி எறிவதற்குள் மூன்று செகண்ட் ஆகியிருக்கும். கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அது ஒரே குரூப், 4 வோல்ட்கூட இல்லை. முழு பேக் ஷார்ட் ஆனால் 500 ஆம்பியருக்கு மேல் பாயலாம். இந்த பேக்குக்கு ஸ்விட்ச் கிடையாது, கட்டி முடித்த நேரத்திலிருந்து எப்போதும் ஆன்தான்.

பிஎம்எஸ். உங்கள் 30 ஆம்பியர் 25 ஆம்பியர் கன்ட்ரோலருக்குப் போதும், 13எஸ்ஸுக்கானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்ப சென்சார் இருந்தால் செல்களுக்கு நடுவே செருகுங்கள். பேலன்ஸ் ஒயர்களை இணைக்கும்போது பிஎம்எஸ் கழன்றே இருக்கட்டும். முதல் ஒயர் பேக்கின் எதிர்முனையில், அப்புறம் ஒவ்வொரு குரூப்பின் நேர்முனையிலும் ஒன்று, வரிசை மாறாமல். முடித்ததும் கனெக்டரிலேயே அளங்கள்: எதிர்முனையிலிருந்து 3.6, 7.2, 10.8 என்று படிப்படியாக ஏறி 46.8இல் முடிய வேண்டும். நடுவில் ஒரு படி குதித்தாலோ தாழ்ந்தாலோ ஒயர் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் பிஎம்எஸ் புகைந்துவிடும். பெரிய எதிர்முனை ஒயரை பிஎம்எஸ்ஸில் சேர்த்துவிட்டு அப்புறம்தான் இந்தக் கனெக்டர்.

இந்த ஒல்லி ஒயர்கள்தான் என் இரண்டாவது பேக்கைக் கெடுத்தன. போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றது. பிரித்துப் பார்த்தால், ஒரு பேலன்ஸ் ஒயர் வேறொரு குரூப்பின் நிக்கல் விளிம்பில் உரசி உரசித் தோல் அறுந்து, ஷார்ட் ஆகி, கருகித் துண்டாகியிருந்தது. சுருங்கு உறையின் உள்பக்கம் பழுப்பாகியிருந்தது. ஒயர் ஒல்லியாக இருந்ததால் அதுவே ஃபியூஸ் மாதிரி அறுந்து காப்பாற்றியது. குரூப்பின் வோல்டேஜ் தெரியாமல் போனதும் பிஎம்எஸ் வண்டியை நிறுத்திவிட்டது. வெட்டிய நிக்கல் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் பட்டைகளின் மேல் முழுசாக ஃபிஷ் பேப்பர் போட்டு மூடி, அதற்கு மேல்தான் ஒயர்களை ஓடவிடுகிறேன். ஒயர் மேல் ஒயர் ஏறாமல், ஒவ்வொன்றையும் காப்டன் டேப்பால் (சூடு தாங்கும் காப்பு டேப்) ஒட்டி, கொஞ்சம் தளர்வும் விட்டு.

பிஎம்எஸ் செய்யாதது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதன் பேலன்சிங் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர் சுமாருக்குத்தான். ஒரு குரூப் 1 ஏஎச் பின்தங்கினால் சமமாக 20 மணி நேரம் ஆகும், அதுவும் முழு சார்ஜை நெருங்கும்போது மட்டும். அதற்குள் இருக்கும் மாஸ்ஃபெட்கள் (மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்னணு ஸ்விட்சுகள்) கெட்டுப்போகும்போது பல சமயம் திறந்தபடி இல்லாமல் மூடியபடியே நின்றுவிடும், அதாவது துண்டிக்கவே துண்டிக்காது. அதனால் தினசரி சார்ஜை நிறுத்துவது சார்ஜரின் வேலை, தினசரி டிஸ்சார்ஜை நிறுத்துவது கன்ட்ரோலரின் வேலை. பிஎம்எஸ் துண்டிக்கும்படி ஆனால் ஏன் என்று தேடுங்கள்.

நேர்முனை ஒயரில், பேக்குக்கு ஒட்டியே, 40 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. உங்கள் பேக் முழு சார்ஜில் 54.6. அறுந்த பிறகும் நடுவில் தீப்பொறி வில்லாக நின்று மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம். 54.6க்கு மேல் டிசி மதிப்பு எழுதியிருக்கும் ஃபியூஸாகப் பாருங்கள். கன்ட்ரோலரைச் செருகும்போது வரும் 'டப்' பொறி அதன் கெபாசிட்டர் நிரம்புவதால் வருவது. எக்ஸ்டி90-எஸ் கனெக்டரில் அந்தப் பொறியைத் தடுக்கவென்றே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது.

பெட்டி கெட்டியாக இருக்கட்டும், உள்ளே நுரை வைத்து பேக் ஆடாமல் இறுக்குங்கள். தண்ணீர் தெறித்தால் உள்ளே போகக்கூடாது, ஆனால் காற்றே போகாதபடி அடைத்தும் விடாதீர்கள். செல் வாயு கக்கினால் வெளியேற வழி வேண்டும். எபாக்சி ஊற்றி மொத்தமாக உறைய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த பேக்கை யாராலும் சோதிக்க முடியாது.

சார்ஜர் 13எஸ்ஸுக்கான 54.6 வோல்ட் சார்ஜர். 14எஸ் சார்ஜர் 58.8 தரும், பிளக் ஒன்றேதான், அழகாகப் பொருந்தும். அதைப் போட்டால் ஒவ்வொரு குரூப்பையும் 4.5 வோல்ட் வரை தள்ளப் பார்க்கும், பிஎம்எஸ் ஒன்றுதான் குறுக்கே நிற்கும். சார்ஜர் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் சார்ஜ் வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எல்லாக் குரூப்பையும் அளந்தபடி. அதற்குப் பிறகும் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம், வாசலுக்குப் போகும் வழியிலும் வேண்டாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேக்குக்குச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் செல்லுக்கு 3.7, 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

இதையெல்லாம் படித்து மலைப்பாக இருந்தால், முதல் பேக்கை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் கட்டுங்கள் என்பேன். போல்ட் முனையோடு வரும் பெட்டி வடிவச் செல் 16ஐ வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். வெல்டிங்கே இல்லை. கனம் கூடும், ஆனால் அந்த வேதியியல் சூடானால் அவ்வளவு சீக்கிரம் கட்டுமீறிப் போகாது. முழு சார்ஜ் 58.4 என்பதால் கன்ட்ரோலர் தாங்குமா என்று பாருங்கள், ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை பேக் புகைந்தால், கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 700 வாட்-அவர் என்பது எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சக்தி. அதோடு எலக்ட்ரோலைட்டும் எரியும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் இருக்கும். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பவுடர் அணைப்பான் சுடரை அடக்கும், சூட்டைக் குறைக்காது. அதைக் குறைப்பது நிறையத் தண்ணீர்தான். அணைந்த பேக் மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றும், உள்ளே கொண்டுவராதீர்கள்.

கடைசியாக அந்த 52 செல். 2 வோல்ட்டுக்குக் கீழே இருப்பவற்றின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு வார சோதனையில் இறங்காமல் நின்றவற்றில் நாலைந்தை டார்ச்சில் ஒற்றையாகப் போடலாம். சிலவற்றைக் காலி செய்து வெல்ட் பழகுங்கள். பழகி முடித்ததும் அவையும் அதே மின்கழிவுப் பெட்டிக்குத்தான்.